அப்பா இருக்கிறார், ஆனால் இல்லை: இந்த மாணவிக்கு வருமானச் சான்று வாங்க வழி உண்டா?

கரும்பலகை
ஆகஸ்ட் 18, இரவு 10.40

வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கணிதத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஊர், கல்லூரி பெயர் வேண்டாம். என் மாணவி ஒருத்திக்காகத்தான் கேட்கிறேன்.

முதலாம் ஆண்டு. பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, கணக்கில் 94. ஆனால் என் முதல் மணி வகுப்புக்கு அவள் வந்த நாட்களைவிட வராத நாட்கள் அதிகம். வந்தாலும் கண் சொக்கும். போன வாரம் எல்லோர் முன்னாலும் "ராத்திரி பூரா செல்போனா?" என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றாள். மறுநாள் அசைன்மென்ட் தாளை நீட்டியபோதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். இரண்டு ஆள்காட்டி விரலிலும் நூல் அறுத்த கோடுகள். சிலது ஆறியது, சிலது நேற்றையது. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து மொத்த வியாபாரிக்குப் பூக் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறாள். முகூர்த்த நாள் என்றால் முந்தின இரவே உட்கார வேண்டும். ஆவணி வேறு பிறந்துவிட்டது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா அதற்கு முன்பே திருப்பூர் போய், அங்கே வேறு குடும்பம். இவள் அம்மாச்சியோடு இருக்கிறாள். பாட்டிக்கு நூறு நாள் வேலை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் இன்னமும் அப்பாதான்.

சிக்கல் இரண்டு. ஆதிதிராவிடர் கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) "அப்பா எங்கே, ஆதாரோடு வரச் சொல்லுங்கள்" என்கிறாராம். அப்பாவுக்குப் போன் போட்டால் வந்துபோக ஐயாயிரம் கேட்கிறார். இரண்டாவது, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய். பள்ளியில் இருந்தபோது அப்பாவோடு சேர்த்துத் திறந்த கணக்கில் விழுகிறது. ஏடிஎம் கார்டு திருப்பூரில்.

கல்லூரிக் கட்டணம் பெரிய தொகை இல்லை, அதை நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து கட்டிவிட்டோம். அவள் பூக் கட்டாமல் வகுப்புக்கு வர வேண்டும், அதற்கு வழி தேடுகிறேன்.

டோக்கன்_27
ஆகஸ்ட் 18, இரவு 11.25

சார், இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். தினமும் இந்தக் கதைதான். இரண்டு சிக்கலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புதுமைப் பெண்ணுக்கு வருமான வரம்பே இல்லை, சாதி வரம்பும் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதுதான் கணக்கு (இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் உண்டு). அப்பா கையெழுத்துக்கு அதில் வேலையே இல்லை. பணம் போவது ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கு. அதனால் அந்தப் பழைய கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவள் பெயரில் மட்டும் புதுக் கணக்கு திறந்து, ஆதார் இணைப்பை அங்கே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கல்லூரியில் இந்தத் திட்டத்துக்கு ஒரு நோடல் ஆபீசர் இருப்பார், யூமிஸில் (கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) அவள் விவரங்களை அவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பதினேழு வயது என்றால் வங்கியில் "கார்டியன் வேண்டும்" என்பார்கள். பத்து வயது தாண்டிய பிள்ளை தானே கணக்கு திறந்து தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லிவிட்டது. ஆனால் அது "அனுமதிக்கலாம்" என்ற விதி, கிளைக்குக் கிளை மனசு மாறும். ஒரு கிளையில் முடியாது என்றால் அடுத்த கிளை. கவுன்டரில் கேட்காதீர்கள், நேரே மேனேஜர் அறைக்குப் போங்கள்.

வருமானச் சான்றுதான் தலைவலி. விண்ணப்பம் என்னால் போட முடியும், அறுபது ரூபாய். அதற்கப்புறம் விஏஓ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று போகும். விஏஓ திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்றுவிடும்.

சின்னத்திரை
ஆகஸ்ட் 19, காலை 6.50

முதல் பட்டதாரிச் சான்று வாங்கிவிட்டால் கட்டணமே இல்லையே? அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

டோக்கன்_27
ஆகஸ்ட் 19, காலை 9.05

அது கலந்தாய்வு வழியாகப் பொறியியல் மாதிரி தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்கு, 2010-11ல் வந்தது. அரசு கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணமே கிடையாது, எதைத் தள்ளுபடி செய்வது? சாருக்கு அது உதவாது.

நேர்பட
ஆகஸ்ட் 19, காலை 9.40

கரும்பலகை சார், மனசு நல்ல மனசுதான். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது அவரைத் தாண்டிக் கணக்கை மாற்றச் சொல்கிறீர்கள். நாளைக்கு நாலு பேரோடு கல்லூரி வாசலில் வந்து நிற்பார். ஆண் வாத்தியார், பெண் பிள்ளை, அதுவும் நிரந்தர வேலை இல்லாத வாத்தியார். ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. படிப்பு இலவசம், பஸ் இலவசம், மாதம் ஆயிரம். எங்கள் காலத்தில் இதில் எது இருந்தது? இதற்கு மேலும் வீட்டுப் பிரச்சினையைக் கல்லூரி சுமக்க வேண்டுமா? பூக் கட்டிப் படித்தவர்கள் எத்தனையோ பேர் முன்னுக்கு வந்திருக்கிறார்கள்.

ஸ்டாஃப்ரூம்
ஆகஸ்ட் 19, பகல் 1.15

நேர்பட சொன்னதில் முதல் பாதி சரி. கரும்பலகை தம்பி, உங்கள் துறையில் பெண் ஆசிரியர் ஒருவரை உடனே இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு அவர் போகட்டும். அந்தப் பிள்ளையிடம் போனில் பேசுவதும் அவராகவே இருக்கட்டும். துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், நல்லது செய்யும்போதுதான் காகிதம் அதிகம் வேண்டும்.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். பூக் கட்டிப் படித்து முன்னுக்கு வந்தவர்களை உங்களுக்குத் தெரியும், சரி. பூக் கட்டிப் படிப்பை விட்டவர்கள் யாரையாவது தெரியுமா? அவர்கள் எந்த மேடையிலும் ஏறிப் பேசுவதில்லை. என் வகுப்பில் முதல் பருவத் தேர்வுக்கு இருந்த 58 பேரில் மூன்றாம் பருவத்துக்கு 49 பேர். ஒன்பது பேரில் மதிப்பெண் குறைந்து போனவர்கள் இரண்டு பேர்தான்.

இலவச பஸ் என்பது சாதாரண டவுன் பஸ்ஸில். அந்தப் பிள்ளையின் ஊருக்கு காலை ஏழு மணிக்கு டவுன் பஸ் இருக்கிறதா என்று யாராவது பார்த்தோமா?

ஒரு தகவல், சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த அதே பெயர்த் திட்டம்தான் 2022 செப்டம்பர் 5ல் மாதம் ஆயிரமாக மாறியது. அந்த அம்மையாரின் கதை என்ன? அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், வறுமையில் அம்மா ஐந்து வயதுப் பிள்ளையைத் தேவதாசிக் குடும்பத்துக்கு விற்றுவிட்டார். பின்னாளில் அந்த முறையையே ஒழிக்கப் போராடினார். அவர் பெயரில் வரும் ஆயிரம் ரூபாய் ஓடிப்போன ஓர் அப்பாவின் ஏடிஎம் கார்டுக்குப் போகிறது. எனக்கு இதைப் படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை.

நேர்பட
ஆகஸ்ட் 19, பகல் 2.02

சரிங்க மேடம். ஆனால் பையன்களுக்கு இதெல்லாம் யார் பேசுகிறார்கள்? குடிகார அப்பா அவர்களுக்கும் இருக்கிறார்.

ஸ்டாஃப்ரூம்
ஆகஸ்ட் 19, பகல் 2.10

பேச வேண்டியதுதான். தமிழ்ப் புதல்வன் அதற்குத்தான் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கினார்கள், அதே ஆயிரம். ஆனால் பையன் நின்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, "வேலைக்குப் போயிட்டான்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதில் உங்களோடு நான் உடன்படுகிறேன்.

அடங்கல்
ஆகஸ்ட் 19, இரவு 8.30

நான் விஏஓ. இந்த விஏஓ இல்லை, வேறு மாவட்டம். என் சாதிக்காரர்களை எல்லோரும் திட்டுவதற்கு முன் ஒரு விளக்கம்.

(சாதி என்றால் விஏஓ சாதி.)

எங்களிடம் அப்பா எங்கே என்று கேட்பது வீம்புக்காக இல்லை. ரேஷன் கார்டில் அப்பா பெயர் இருக்கிறது. அவருக்குத் திருப்பூரில் மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பளம் இருக்கலாம். நான் பாட்டியின் நூறு நாள் வேலையை மட்டும் வைத்துக் குடும்ப வருமானம் போட்டால், நாளை ஒருவர் மனுப் போடுவார்: "தந்தை உயிருடன் இருக்க, மறைத்துச் சான்று வழங்கினார்". அப்போது என் பக்கம் நிற்க யார் இருக்கிறார்கள்? வாத்தியார் வாய்மொழியாகச் சொன்னார் என்று தணிக்கையில் எழுத முடியுமா?

ஆகவே எனக்கு ஒரு காகிதத்தைக் கொடுங்கள். விஏஓவிடம் கெஞ்சாதீர்கள். அந்தப் பெண்ணும் பாட்டியும் சேர்ந்து தாசில்தாருக்கு ஒரு மனு எழுதட்டும். இதை மட்டும் எழுதுங்கள்: அம்மா இறந்த தேதி, இறப்புச் சான்று நகல், அப்பா எந்த ஆண்டிலிருந்து உடன் இல்லை, யார் பராமரிப்பில் இருக்கிறாள், பராமரிப்பவரின் வருமானம். இணைப்பாக உங்கள் கல்லூரி முதல்வரின் கடிதம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. மனுவுக்கு எண் விழும், பதில் சொல்லியே ஆக வேண்டும். அங்கிருந்து தாசில்தாருக்கு வந்து, "விசாரித்து அறிக்கை தருக" என்று எனக்கு வரும்.

அப்படி வந்தால் நான் செய்ய வேண்டியது எளிது. தெருவில் போய் அக்கம்பக்கத்தில் நான்கு பேரிடம் வாக்குமூலம் வாங்குவேன். ரேஷன் கடைக்காரரிடம் யார் வந்து அரிசி வாங்குகிறார்கள் என்று கேட்பேன். அங்கன்வாடி அம்மாவுக்கு ஊரில் எல்லோர் வீட்டுக் கதையும் தெரியும். ஒரு மணி நேர வேலை. அறிக்கையில் "தந்தை பத்தாண்டுகளாக உடன் வசிக்கவில்லை, பராமரிக்கவில்லை எனத் தெரிய வருகிறது" என்று எழுதுவேன். "தெரிய வருகிறது" என்ற இரண்டு வார்த்தை எங்களுக்குக் கேடயம்.

கணவன் விட்டுப்போன பெண்ணுக்குக் கைவிடப்பட்டவர் சான்று என்று ஒன்று இருக்கிறது. விதவைக்கு உண்டு. அப்பா விட்டுப்போன பிள்ளைக்கு அப்படி நேரடியாக ஒன்று இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சட்டம் போட்டவர்களுக்கு இப்படி ஒரு வீடு இருக்கும் என்று தோன்றவில்லை.

கரும்பலகை
ஆகஸ்ட் 19, இரவு 11.50

அடங்கல் சார், கோடி நன்றி. மேடம், உங்களுக்கும். என் துறைத் தோழி ஒருவர் நாளை முதல் கூட வருகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் போடும் நாக் குழு வருவதற்காக எங்கள் கல்லூரியில் மென்டர்-மென்டி (வழிகாட்டும் ஆசிரியர், மாணவர்) நோட்டு வைத்திருக்கிறோம். ஆசிரியர் ஒருவருக்கு முப்பது மாணவர். பக்கத்துக்கு ஒருவர், புகைப்படம், தந்தை தொழில், தாய் தொழில், குடும்பச் சூழல், கலந்துரையாடிய தேதிகள். இன்று மாலை என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இவள் பக்கத்தில் "குடும்பச் சூழல்: நன்று" என்று இருக்கிறது. என் கையெழுத்து. ஜூலை கடைசியில் ஒரே மத்தியானத்தில் முப்பது பேருக்கும் "நன்று" என்று எழுதினேன். அதற்கு முந்தைய வருட நோட்டும் அப்படித்தான். தந்தை தொழில் என்ற இடத்தில் அவளே "கூலி" என்று எழுதியிருக்கிறாள். தாய் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

பழைய_அறை_14
ஆகஸ்ட் 20, அதிகாலை 12.45

தூக்கம் போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கல்லூரி மாணவனுக்கு உணவுப்படி மாதம் 1,100 ரூபாயாக இருந்த காலம். 2023ல்தான் 1,500 ஆனது. நாள் கணக்குப் போட்டால் எங்களுக்கு 37 ரூபாய், இப்போது 50. அதில் மூன்று வேளை. சமையல் அக்கா அதில் ஞாயிற்றுக்கிழமை கறியும் போடுவார், எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பணம், சாப்பாடு எல்லாம் பேசுகிறோம். விடுமுறையை யாரும் பேசவில்லை. எங்கள் அப்பா குடித்தால் வீட்டில் ஒரு பாத்திரம் மிஞ்சாது. அம்மா மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார், அங்கே எனக்கு இடமில்லை. விடுதிக்கு வந்த பிறகுதான் எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். அந்த விடுதி பொங்கலுக்கு மூடுவார்கள். சமையலருக்கும் வீடு இருக்கிறதே, தப்பில்லை. எல்லோரும் கரும்பு வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். முதல் வருடம் மூன்று இரவு பஸ் ஸ்டாண்டில். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல். திரும்பி வந்து "ஊர்ல நல்ல பொங்கல்" என்று சொன்னேன்.

இரண்டாம் வருடம் இரவுக் காவலர் பார்த்துவிட்டார். டீக்கடையில் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "முன் கதவு பூட்டு எங்கிட்ட இருக்கு. பின் கதவு பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது" என்றார். போய்ப் பார்த்தேன். பின் கதவு சாத்தி மட்டும் இருந்தது. சமையலறையில் ஒரு தூக்கில் அரிசி, நாலு முட்டை, ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள். அவரும் அக்காவும் பேசி வைத்திருக்கிறார்கள். சட்டப்படி இரண்டு பேரையும் சஸ்பெண்ட் செய்யலாம்.

கரும்பலகை சார், அந்தப் பிள்ளைக்கு விடுதி கேட்டுப் பாருங்கள். மூன்றரைக்கு எழ வேண்டியதில்லை. ஆனால் கேட்கும்போதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கே என்றும் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_தம்பி
ஆகஸ்ட் 20, காலை 4.30

அண்ணே, நான் லண்டனில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே காப்பகத்தில் வளர்ந்து வந்த மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் வருடம் 365 நாளும் அறை தருகின்றன, கிறிஸ்துமஸ் லீவிலும் காலி செய்ய வேண்டாம். பெற்றோரோடு உறவு அறுந்துபோனவர்கள் என்று தனி வகையே உண்டு. கடன் விண்ணப்பத்தில் பெற்றோர் வருமானம் கேட்கமாட்டார்கள். ஆசிரியரோ சமூகப் பணியாளரோ "எனக்குத் தெரியும், தொடர்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்லவில்லை, கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் வாத்தியார் கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது.

அடங்கல்
ஆகஸ்ட் 20, காலை 7.15

இங்கே வாத்தியார் கடிதம் கொடுத்தால் அந்த வாத்தியார் யார் என்று எனக்கு இன்னொரு விசாரணை வரும் தம்பி.

பனங்கிழங்கு
ஆகஸ்ட் 20, காலை 10.20

நான் யாழ்ப்பாணம். அடங்கல் ஐயா சொன்ன "அப்பா இல்லாததுக்குச் சான்றிதழ் இல்லை" என்ற வசனம் என்னை நிறுத்திவிட்டது.

எங்கட பக்கம் கம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) எடுபடுகிற பிள்ளைகளுக்கு மகாபொல உதவித்தொகை இருக்கு, அது கிடைக்காதவைக்கு பர்சரி இருக்கு. இரண்டுக்கும் குடும்ப வருமானம் கிராம சேவையாளர் உறுதிப்படுத்த வேணும். யுத்தத்தில காணாமல் ஆக்கப்பட்ட தகப்பன்மாரின்ர பிள்ளைகள் இப்ப கம்பஸ் வயசுக்கு வந்து, அதைத் தாண்டியும் போய்விட்டினம். படிவத்தில தகப்பன் இருக்கிறாரா, இறந்திட்டாரா என்று இரண்டு பெட்டி. இறந்திட்டார் என்று புள்ளடி போட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்பினம். அம்மா அந்தச் சான்றிதழை எடுக்கமாட்டா. எடுத்தால் தேடுறதை விட்ட மாதிரி. 2016ல சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லுகிற சான்றிதழ் ஒன்று கொண்டுவந்தினம். கன தாய்மார் அதையும் எடுக்கேல்லை, அது வேற கதை. ஆனால் அப்படி ஒரு மூன்றாவது பெட்டி தேவை என்று ஒரு அரசாங்கம் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

உங்கட மாணவியின்ர தகப்பனுக்கும் எங்கட தகப்பன்மாருக்கும் ஒப்பீடே இல்லை. படிவம் மட்டும்தான் ஒரே மாதிரி.

ஸ்டாஃப்ரூம்
ஆகஸ்ட் 20, காலை 11.05

பனங்கிழங்கு, எழுதியதற்கு நன்றி. முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கு எங்கள் நல விடுதிகளில் தலா ஐந்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி அப்படி வந்தவள். அவள் படிவத்திலும் இதே கோடு இருந்தது.

நீலக்குடை
ஆகஸ்ட் 20, மாலை 5.45

குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியில் இருந்தேன். ஒரு கேள்வி: அவளுக்கு 18 எப்போது முடிகிறது?

கரும்பலகை
ஆகஸ்ட் 20, மாலை 6.20

அக்டோபர் கடைசி.

நீலக்குடை
ஆகஸ்ட் 20, மாலை 6.50

அப்படியானால் உங்களுக்குப் பத்து வாரம் இருக்கிறது. கல்லூரியில் படித்தாலும் 18 முடியும்வரை சட்டப்படி அவள் குழந்தை. இளைஞர் நீதிச் சட்டத்தில் பராமரிப்பு தேவைப்படும் குழந்தை என்ற வகையில் வருவாள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போகலாம். பெரும்பாலும் கலெக்டர் அலுவலக வளாகத்திலோ அதை ஒட்டியோ இருக்கும்.

பணத்தை மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு, ஆனால் 18 வரைதான். மனு எழுதி, கமிட்டி கூடி, அனுமதி வருவதற்குள் இவளுக்குப் பிறந்தநாள் வந்துவிடும். பெற்றோரை இழந்த, ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு வந்த அன்புக் கரங்கள் திட்டத்தின் 2,000 ரூபாயும் அப்படித்தான். 18க்குப் பின் தொடரும் பின்பராமரிப்பு என்பது இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு, 21 வரை. பாட்டி வீட்டில் வளர்ந்தவளுக்கு அது பொருந்தாது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகளைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அதிலும் இவளைப் போன்றவர்கள் வரமாட்டார்கள். பாட்டி காப்பாற்றியதற்கு இதுதான் தண்டனை.

நான் சொல்ல வருவது வேறு. அவளைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினால், சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து சமூக விசாரணை அறிக்கை எழுதுவார். யாருடன் வசிக்கிறாள், அப்பா எப்போது போனார், யார் செலவு செய்கிறார்கள், எல்லாம் இருக்கும். அது அரசுக் காகிதம். அடங்கல் சார் கேட்ட கேடயம் அதுதான். அக்டோபர் தாண்டிவிட்டால் அந்தக் காகிதத்தை யாராலும் எழுதித் தர முடியாது.

அடங்கல்
ஆகஸ்ட் 20, இரவு 7.30

இது எனக்கே தோன்றவில்லை. அப்படி ஒரு அறிக்கை என் மேசைக்கு வந்தால் அன்றே கையெழுத்து.

நேர்பட
ஆகஸ்ட் 20, இரவு 9.15

ஒரு சந்தேகம். குழு, 1098 என்றால் அந்தப் பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிரித்து ஹோமில் போட்டுவிட மாட்டார்களா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தப் பயத்திலேயே யாரையும் கூப்பிடவில்லை.

நீலக்குடை
ஆகஸ்ட் 20, இரவு 9.40

நியாயமான பயம். குடும்பத்தோடு இருப்பதே முதல் தேர்வு, இல்லம் கடைசி வழி என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அதிகாரியைப் பொறுத்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் போகும்போது பாட்டியையும் கூட்டிப்போங்கள், "இவள் என்னோடு இருக்கட்டும்" என்று பாட்டியே சொல்லட்டும். அந்தப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். அவளுக்குச் சம்மதம் இல்லை என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

சின்னத்திரை
ஆகஸ்ட் 21, காலை 8.00

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம் 2010-11ல் இருந்து இருக்கிறது. இணைவு பெற்ற கல்லூரிகளில் இளநிலை சேர ஏழை மாணவர்களுக்கு இடம். முதல் தலைமுறை, விதவையின் பிள்ளைகள், ஆதரவற்றோருக்கு முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பையன் அதில்தான் சேர்ந்தான். முன்பு தப்பாகச் சொன்னதற்கு இது பிராயச்சித்தம்.

கரும்பலகை
செப்டம்பர் 14, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். பருவத் தேர்வு வேலை. (எங்களுக்கு வருடத்தில் பதினொரு மாதச் சம்பளம்தான், ஆனால் வேலை பதின்மூன்று மாதத்துக்கு.)

நடந்தது இது. வங்கி: முதல் கிளையில் முடியாது என்றார்கள். இரண்டாவது கிளையில் மேனேஜர் ஒரு அம்மா. விதியை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை, படிவத்தை அவரே நிரப்பினார். ஆதார் இணைப்பு மாறிவிட்டது. இந்த மாத ஆயிரம் புதுக் கணக்கில் வந்துவிட்டது. அப்பா போன் செய்து பாட்டியிடம் கத்தியிருக்கிறார், வாசலுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கேட்டேன், சிரித்தார்.

குழந்தைகள் நலக் குழு: அவளிடம் தோழி கேட்டார். இரண்டு நாள் யோசித்து, "அம்மாச்சி வந்தா வரேன்" என்றாள். போனோம். பாட்டி போகும் வழியில் முழுக்க "என்னைய எங்க கூட்டிட்டுப் போறீக" என்று கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே போனதும் யாரும் கேட்பதற்கு முன்பே, மருமகன் போன நாளிலிருந்து தேதி வாரியாகச் சொன்னார். எந்தச் சித்திரையில் போனார், அன்று என்ன கிழமை, என்ன சட்டை. அங்கிருந்தவர் எழுதி முடிக்க முடியாமல் "மெதுவாப் பாட்டி" என்றார். அறிக்கை போன வாரம் கையில் கிடைத்தது.

விடுதி: இடம் இருக்கிறது என்றார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "நான் போயிட்டா அம்மாச்சி தனியா எப்படி?" பழைய அறை 14, உங்கள் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பூக் கட்டுவது நிற்கவில்லை. வாரத்தில் நான்கு நாளாகக் குறைந்திருக்கிறது. என் முதல் மணியை மூன்றாவது மணிக்கு மாற்றிக் கேட்டேன், துறையில் ஒரு வாரம் சண்டை, கடைசியில் இரண்டு நாட்களுக்கு மாறியது. வருகைப் பதிவு 61 விழுக்காட்டில் இருக்கிறது, 75 வேண்டும்.

நோட்டில் முப்பது பக்கத்தையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினொன்று முடிந்திருக்கிறது. "நன்று" என்று எழுத முடிந்தது நான்கு பேருக்கு.

வருமானச் சான்று இன்னும் வரவில்லை. மனு, அறிக்கை எல்லாம் இணைத்து விண்ணப்பம் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. உதவித்தொகைக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது.

டோக்கன்_27
செப்டம்பர் 14, இரவு 9.48

சார், விண்ணப்ப எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எந்த மேசையில் நிற்கிறது என்று காலையில் கடை திறந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.

கரும்பலகை
செப்டம்பர் 14, இரவு 9.51

அனுப்பிவிட்டேன்.